காய்ச்சல் வீட்டில் தோட்ட வகுப்பு

தனி வீடு வேண்டும் என்று கேட்டவள் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என் வீட்டுக்காரர் மேல் பழியைப் போட வேண்டாம். மாத்தளை டவுனில் அவருடைய உம்மா, தம்பிமார், தம்பிமாரின் பெண்சாதிகள், பிள்ளைகுட்டிகள் எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே கிடந்தோம். குசினியில் ஒரு கோப்பை தேத்தண்ணி ஊற்றினால் அதற்கு நாலு கை நீளும். குளிக்கப் போனால் கதவைத் தட்டுவார்கள். எனக்குப் பிள்ளை இல்லை என்பதை நானே மறந்திருந்தாலும் யாராவது ஞாபகப்படுத்திவிட்டுத்தான் தூங்கப் போவார்கள். எனக்கென்று ஒரு அடுப்பும் ஒரு வாசலும் இருந்தால் போதும் என்று அந்த மனிதரின் காதைத் தின்றேன். அவரும் பாவம், பல்லேகமவில் வைத்திருந்த சில்லறைக் கடை வருமானத்தில் மிச்சம் பிடித்து, டவுனுக்கு வெளியே ஒரு பழைய கொக்கோத் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்ற இடத்தில் எனக்கு ஒரு வீடு கட்டித் தந்தார்.

கேட்டது கிடைத்துவிட்டது. அடுப்பு கிடைத்தது, வாசல் கிடைத்தது. பேசத்தான் ஆள் இல்லை.

அந்த வீதியில் எல்லாரும் புதிதாக வந்தவர்கள். கச்சேரியில் அரசாங்க உத்தியோகம் பார்த்த கிளாக்கர், பஸ் கொண்டக்டர், பென்சன் எடுத்த ஸ்டேஷன் மாஸ்டர், எனக்குப் பக்கத்து வளவில் தமிழ் டீச்சர் ஒருவர். டீச்சர் தோட்டத் தொழிலாளரின் லயத்து வீட்டில் பிறந்து படித்து முன்னுக்கு வந்தவர், மற்றவர்கள் எல்லாரும் சிங்கள ஆட்கள். முஸ்லிம் வீடு என்னுடையது மட்டும். வீதிக்குக் கீழே வயல். அதைச் செய்கிறவர்கள் மேலே ஏறி எங்கள் வீடுகளைப் பார்த்துவிட்டு, நல்ல மண்ணில் சீமெந்தைக் கொட்டிக் குரோட்டன் செடி வைத்திருக்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டு போவார்கள். எங்கள் வளவுகளில் வெட்டிப்போட்ட கொக்கோ மரங்களின் அடிக்கட்டைகள் மழை பெய்யும்போதெல்லாம் துளிர்விடும். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

பல்லேகம என்ன பக்கத்திலா இருக்கிறது? மலையைச் சுற்றிச் சுற்றிப் போகிற பஸ், அதுவும் வந்தால்தான் உண்டு. கடையைப் பூட்டிவிட்டு வர முடியாது, நம்பி விடவும் ஆள் கிடையாது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை, சில நேரம் மூன்று கிழமைக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு புறப்பட்டு வருவார், திங்கட்கிழமை விடியப் போய்விடுவார்.

வீடு குடிபுகுந்த அன்று ஓதி, சோறு ஆக்கி, வீதியில் எல்லாரையும் கூப்பிட்டோம். சாப்பாடு முடிந்ததும் இவர் வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் கையைப் பிடித்துச் சொல்லி அனுப்பினார்: நான் அடிக்கடி வீட்டில் இருக்க மாட்டேன், இவள் தனியாக இருப்பாள், நான் இல்லாத நேரம் ஆம்பிளைகள் யாரும் கேட்டைத் தாண்டி உள்ளே வராமல் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குப் பாதுகாப்பு என்றுதான் சொன்னார். எங்கள் ஆட்களின் வழக்கமும் அதுதான், நானும் தலையை ஆட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

அந்த நல்ல மனிதர்கள் அதை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். மீன்காரன் கேட்டுக்கு வெளியே கூடையை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பி நிற்பான். தபால்காரர் கேட்டில் செருகிவிட்டுப் போவார். ஆம்பிளைகள்தான் வரக்கூடாது என்றால், பெம்பிளைகளும் மெல்ல மெல்ல வருவதை விட்டார்கள். யன்னலில் திரை தொங்குகிறது, கேட்டில் கொளுவி போட்டிருக்கிறது, அந்த வீட்டு முறை வேறு போலிருக்கிறது, நாம் ஏன் சங்கடப்படுத்த வேண்டும் என்று நினைத்திருப்பார்கள். மரியாதை என்று ஒன்று இருக்கிறதே, அது பகையைவிடப் பொல்லாதது. பகைக்காரியென்றால் வேலிக்கு மேலால் நாலு வார்த்தை கத்தவாவது செய்யலாம். ரேடியோவில் செய்தி வாசிக்கிறவருக்கு நான் பதில் சொல்கிற அளவுக்கு வந்துவிட்டேன்.

அப்போதுதான் கப்பலில் வருகிற சாமான்கள் நின்ற காலம் வந்தது. செத்தல் மிளகாய் இல்லை, பம்பாய் வெங்காயம் இல்லை, கொத்தமல்லி மருந்துக்கும் கிடையாது. வீட்டுக்கு வீடு பயிர் செய்யுங்கள் என்று அரசாங்கம் சொன்னது. சொன்னால் ஆயிற்றா? எங்கள் வீதியில் கிளாக்கருக்கு மண்வெட்டியை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது. டீச்சர்தான் விவசாயக் கந்தோருக்குப் போய்ப் பேசி, ஒரு விவசாயப் போதனாசிரியரை வரவழைத்தார். நாலந்தாப் பக்கத்துச் சிங்கள மனிதர், நாங்கள் சேர் என்போம். சைக்கிளில் வருவார், குரல் மட்டும் லொறியில் வரும். அவர் பேசினால் வயலில் நிற்கிறவர்களும் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

அவர் வகுப்பு நடத்திய முறை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. சனிக்கிழமை காலையில் ஒரு வீடு. வீதியின் ஒழுங்குப்படி வீடு மாறிக்கொண்டே போகும். முதலில் அந்த வளவு மண்ணை ஒரு கை அள்ளி மணந்து பார்த்து எல்லாருக்கும் கொடுப்பார். பிறகு அங்கே என்ன குறை, என்ன நிறை, தண்ணீர் எங்கே தேங்குகிறது, இலைகுழை போட்டு எருவாக்கும் கூட்டெருக் குழியை எங்கே வெட்டுவது என்று சொல்லித்தருவார். கடைசியில் ஒரு பாத்தி போட்டு, வந்திருக்கிற ஒவ்வொருவரும் ஒரு கன்று நட வேண்டும். சொந்தக்காரர் நடக்கூடாது, பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். உங்கள் தோட்டம் வாடினால் வீதி முழுக்க வந்து கேட்கும் என்பார். பிறகு தேத்தண்ணி, கித்துள் கருப்பட்டி, அந்த வீட்டில் என்ன உண்டோ அது. இப்படி ஒவ்வொரு வளவிலும் எல்லார் கையும் பட்ட ஒரு பாத்தி இருந்தது. டீச்சர் வீட்டுக் கத்தரியில் ஒன்று நான் நட்டது. ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுக் கறிமிளகாயில் ஒன்று நான் நட்டது. போகும்போதும் வரும்போதும் வேலியால் அதை எட்டிப் பார்ப்பேன்.

நானும் முக்காட்டை இழுத்துவிட்டு ஒவ்வொரு சனிக்கிழமையும் போனேன். பொய் சொல்வானேன், மிளகாய்க்காகப் போகவில்லை. சிரிப்புச் சத்தத்துக்காகப் போனேன். என் வீட்டு முறை வர இன்னும் எத்தனை சனிக்கிழமை என்று மனதுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. கொக்கோ இலை உக்கிய மண் என்னுடையது, கறுப்பாகப் பொதுபொதுவென்று இருக்கும். சேர் அதை மணந்து பார்த்து அந்த லொறிக் குரலில் என்ன சொல்லப்போகிறார் என்று நினைத்துப் பார்ப்பேன்.

என் முறை வந்தது. டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தணிந்த குரலில், உங்களுக்குச் சங்கடம் வேண்டாம் தங்கச்சி, உங்கள் வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவதாகச் சேரிடம் சொல்லிவிட்டேன் என்றார். பெரிய உதவி செய்துவிட்ட முகம். நானும் சரி டீச்சர் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, மத்தியானச் சோற்றைக் கோழிக்குக் கொட்டினேன். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தால் சோறு இறங்காது.

அடுத்த சுற்று தொடங்கியபோது இவரைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு நகை வேண்டாம், சாரி வேண்டாம், ஒரே ஒரு சனிக்கிழமை வீட்டில் இருங்கள், அது போதும் என்றேன். அவர் சிரித்துவிட்டு, இதுக்கா இந்த முகம், வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்து நிற்பேன் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்.

அந்தக் கிழமை முழுக்க நான் தரையில் நடக்கவில்லை. டவுனில் மாமி வீட்டுக்குப் போய்க் கதிரைகள் கேட்டு வாங்கிக் கை வண்டியில் ஏற்றி வந்தேன். அவற்றை முற்றத்தில் வட்டமாகப் போட்டு, திரும்பத் திரும்ப இடம் மாற்றினேன். இருந்த முட்டையை எல்லாம் சேர்த்து, கருப்பட்டி சீவி, தேங்காய்ப்பால் பிழிந்து வட்டலப்பம் அவித்தேன். பாத்திக்கு மண்ணைக் கொத்திப் பண்படுத்தி, கல் பொறுக்கி, சாம்பல் தூவி வைத்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானத்திலிருந்து மழை. இருட்டும்வரை யன்னலில் நின்றேன். அவர் வரவில்லை.

சனிக்கிழமை காலையில் மழை விட்டிருந்தது. லக்கலப் பக்கம் மண் சரிந்து பாதை மூடிவிட்டதாம், பஸ் இல்லையாம் என்று பால்காரன் கேட்டில் நின்று சொன்னான். வீதியில் ஆட்கள் பேசிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது. சேர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். எல்லாரும் என் கேட்டுக்கு முன்னால் நின்றார்கள். சேர் சிங்களத்தில் இவரைப் பற்றிக் கேட்டார், மஹத்தயா வீட்டில் இருக்கிறார்தானே?

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். குடையை மடித்துக்கொண்டு, பாவம் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். என் முற்றத்தில் அத்தனை கதிரையும் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும்.

"இருக்கிறாரு சேர். காய்ச்சல். உள்ளுக்குப் படுத்திருக்கிறாரு," என்றேன்.

எப்படி வாயில் வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. சொல்லிவிட்டு ஓடிப்போய் அறைக் கதவைச் சாத்தினேன். பிறகு வந்து கேட்டைத் திறந்தேன்.

எல்லாரும் உள்ளே வந்தார்கள். வந்த உடனே ஒரு அமைதி வந்தது பாருங்கள், அதை நான் என் வாழ்க்கையில் மறக்கமாட்டேன். காய்ச்சல்காரர் படுத்திருக்கிற வீடு அல்லவா! செருப்பைச் சத்தம் வராமல் எடுத்து வைத்தார்கள். கொண்டக்டரின் பெண்சாதிக்கு இருமல் வந்தது, சாரித் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டார். ஸ்டேஷன் மாஸ்டர் ரயில் போனாலும் சிரிக்கிற மனிதர், அவரும் வாயைத் திறக்கவில்லை. லொறிக் குரல்காரர் என் மண்ணை அள்ளி மணந்து பார்த்தார், கண்ணை மூடித் திறந்தார், பிறகு ரகசியம் சொல்வதுபோல் மெல்லச் சொன்னார், இந்த வீதியிலேயே இதுதான் நல்ல மண் என்று. வயலில் நின்றவர்களுக்குக் கேட்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்ட வார்த்தை, பக்கத்தில் நின்ற டீச்சருக்குக்கூடச் சரியாகக் கேட்கவில்லை.

அவசர அவசரமாகப் பாத்தியில் ஆளுக்கு ஒரு மிளகாய்க் கன்று நட்டார்கள். நோயாளிக்குத் தொந்தரவு வேண்டாம் என்று மண்ணைக்கூடச் சரியாக அழுத்தவில்லை, பாதிக் கன்று சாய்ந்து நின்றது. இருங்கள், தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கள் என்று கையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். ஐயோ தங்கச்சி, இப்படியான நேரத்தில் உங்களுக்கு அந்தக் கரைச்சல் வேறா, நீங்கள் போய் அவரைப் பாருங்கள் என்று டீச்சர் என் தோளைத் தடவினார். ஒருவரும் கதிரையில் உட்காரவில்லை. வட்டலப்பச் சட்டியின் மூடியை நான் திறக்கவே இல்லை. கேட்டை அவர்களே மெதுவாகச் சாத்திக் கொளுவியைப் போட்டுவிட்டுப் போனார்கள்.

அதோடு விட்டார்களா? பின்னேரம் டீச்சர் கொத்தமல்லி அவித்து இஞ்சி போட்டு ஒரு செம்பில் கொண்டுவந்து கேட்டில் தந்தார். பிறகு கொண்டக்டரின் பெண்சாதி ஒரு போத்தலில் கொண்டுவந்தார். பிறகு ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டிலிருந்தும் வந்தது. கடையில் கொத்தமல்லியைக் கண்ணால் காண முடியாத காலம். ஒவ்வொரு வீட்டிலும் ஏதோ ஒரு டப்பாவில், அவசரத்துக்கு என்று ஒளித்துவைத்திருந்த கடைசிப் பிடியாக இருக்கும். அதை இல்லாத காய்ச்சலுக்கு அவித்துக் கொடுத்துவிட்டார்கள். குசினி மேசையில் அதை வரிசையாக வைத்துவிட்டு எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இவர் வந்தார். தோளில் ஒரு சாக்கு, அதில் வட்டக்காய், கால் முழங்கால்வரை சேறு. சரிவைத் தாண்டிப் பாதி வழி நடந்தே வந்திருக்கிறார். பஸ்ஸால் இறங்கி வீதி முழுக்க நடந்துதானே வீட்டுக்கு வர வேண்டும்! யன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டேஷன் மாஸ்டர் கேட்டில் நின்று ஏதோ கேட்டார், இவர் இல்லை இல்லை என்று கையை ஆட்டினார். கொண்டக்டர் வீட்டு வாசலில் அந்தப் பெம்பிளை ஏதோ கேட்டார், இவர் நின்று, சாக்கை இறக்கி, கொஞ்சம் யோசித்தார். பிறகு தோளில் கிடந்த துவாயை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டார். டீச்சர் வீட்டைத் தாண்டும்போது இவரே முந்திக்கொண்டு இருமிவிட்டு, இப்ப தேவலை டீச்சர் என்று சொன்னது என் காதிலேயே விழுந்தது. சேறும் சாக்குமாக நிற்கிற மனிதர்! பச்சைப் பிள்ளைகூட நம்பாது.

உள்ளே வந்து துவாயை அவிழ்த்தார்.

"எனக்கு எப்ப இருந்து புள்ள காய்ச்சல்?"

பிடித்துக்கொண்டேன். ஏன் வரவில்லை, வருவேன் என்று ஏன் சொன்னீர்கள், மண் சரியும் என்று தெரியாதா, வியாழக்கிழமையே புறப்பட்டிருக்கக் கூடாதா என்று வாயில் வந்ததெல்லாம் கத்தினேன். அவர் யன்னலால் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதிரைகள் நான் போட்டபடியே வட்டமாகக் கிடந்தன. ஒன்றிலும் சேற்றுக் கறை இல்லை. வெளியே போய் அதில் ஒன்றில் உட்கார்ந்தார். அங்கிருந்தே, மேசையில் இருக்கிற அந்தக் கொத்தமல்லியைக் கொண்டுவா என்றார்.

செம்பையும் போத்தலையும் ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். சுகமாக இருக்கிற மனிதர், ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் எல்லாவற்றையும் குடித்தார். நெற்றி வேர்த்து வழிந்தது. பிறகு நாங்கள் இரண்டு பேரும் அந்த வட்டத்தில் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்து வட்டலப்பம் சாப்பிட்டோம். நான் வீதியில் போய்ச் சொல்லட்டுமா, நான் இல்லாவிட்டாலும் இனி வரலாம் என்று, அன்றைக்கு ஒரு பேச்சுக்குச் சொன்னதுதானே என்று கேட்டார். வேண்டாம், உள்ள வெட்கக்கேடு போதும் என்றேன். திங்கட்கிழமை விடிய அவர் பஸ்ஸுக்குப் போனார்.

பொய் சொன்னதற்காக நான் வருத்தப்படவில்லை, அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. ஆனால் வெட்கம் வேறு சாமான். அதற்குப் பிறகு வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டேன். சனிக்கிழமை காலையில் திரைக்குப் பின்னால் நின்று அவர்கள் போவதைப் பார்ப்பேன். கிழமையில் எனக்கென்று இருந்த அந்த ஒரே நாளும் போய்விட்டது. அந்தக் காலத்தில் வீட்டைவிட எனக்குப் பெரிதாகத் தெரிந்தது அந்தச் சாய்ந்த மிளகாய்ப் பாத்திதான். எந்தக் கன்று யார் நட்டது என்று எனக்கு மனப்பாடம். ஒன்றையும் நான் நிமிர்த்தவில்லை. அவர்கள் கை வைத்தபடியே வளரட்டும் என்று விட்டுவிட்டேன். எல்லாம் சாய்ந்தபடியே காய்த்தன.

சுற்று மறுபடியும் என் வீட்டுக்கு வந்த சனிக்கிழமை, நான் கதிரை ஒன்றும் போடவில்லை. அவர் பல்லேகமவில். முதல் சுற்றைப்போலத் தாண்டிப் போய்விடுவார்கள் என்று குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். பேச்சுச் சத்தம் கேட்டுக்கு முன்னால் வந்து நின்றது. எட்டிப் பார்த்தேன். எல்லாரும் நின்றார்கள். சேர் சைக்கிள் மணியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஸ்டேஷன் மாஸ்டர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொண்டக்டரின் பெண்சாதி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். டீச்சர் மட்டும் என்னை நேராகப் பார்த்து, வீதிக்கே கேட்கிற குரலில் கேட்டார்.

"தங்கச்சி, அவருக்கு இன்னிக்கும் காய்ச்சலுங்களா?"

எனக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. அவர் பல்லேகமவில் இருக்கிறார் என்று வீதிக்கே தெரியும். திங்கட்கிழமை அவர் ஏறிய பஸ்ஸில் டிக்கெட் கிழித்ததே அந்தப் பெம்பிளையின் புருஷன். தெரிந்துகொண்டுதான் வந்து நிற்கிறார்கள். கேட்டைத் திறக்கிற திறப்பை என் கையிலேயே தந்துவிட்டு நிற்கிறார்கள்.

"ஓ டீச்சர். உள்ளுக்குத்தான் படுத்திருக்கிறாரு," என்றேன். கேட்டை அகலத் திறந்துவிட்டேன்.

அன்றைக்கு ஒருவரும் மெதுவாகப் பேசவில்லை. சேர் என் மண்ணைக் கையில் எடுத்து, வயலில் நின்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டாத குறையாகக் கத்தினார். ஸ்டேஷன் மாஸ்டர் சிரித்த சிரிப்பில் கோழி கூரையில் ஏறியது. காய்ச்சல்காரர் எழும்பப்போகிறார் என்று ஒருவர் சொல்ல, நல்ல தூக்கம், எழும்பமாட்டார் என்று இன்னொருவர் சொல்ல, எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது. உட்கார இடம் போதாமல் வாசற்படியிலும் கொக்கோக் கட்டையிலும் இருந்தார்கள். மரவள்ளிக் கிழங்கு அவித்து, அவர்கள் நட்ட செடியிலேயே காய் பறித்துச் சம்பல் இடித்துக் கொடுத்தேன். காரம் தாங்காமல் எல்லாருக்கும் கண்ணீர் வந்தது. யாருடைய கண்ணீர் எதற்கு என்று யாரும் பார்க்கவில்லை, நல்லதாய்ப் போயிற்று.

மத்தியானத்துக்கு முன்னால் எல்லாரும் போய்விட்டார்கள். கேட்டைச் சாத்தினேன், கொளுவியைப் போடவில்லை. கோப்பைகளை எல்லாம் பொறுக்கித் தட்டில் அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன். வீடு எப்போதும்போல இருந்தது. அறைக் கதவைத் தாண்டும்போது என்னை அறியாமலே காலை மெல்ல எடுத்து வைத்தேன், தட்டில் கோப்பைகள் உரசாமல் பிடித்துக்கொண்டேன்.

நாலடி போன பிறகுதான் உறைத்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி வந்து கதவைத் திறந்து பார்த்தேன். திங்கட்கிழமை நான் விரித்த விரிப்பு, ஒரு சுருக்கம் இல்லாமல் கிடந்தது. பிறகு கதவைச் சாத்தினேன், சத்தம் வராமல்.